தீபாவளியன்று உங்கள் நாற்காலியில் யார்?

வானொலியில் நேயர்களின் காதுக்கு எட்டாத ஐந்து நிமிடங்கள் உண்டு. ஒரு நிகழ்ச்சி முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு முந்திய இடைவெளி அது. ஓர் அறிவிப்பாளர் எழுந்துகொள்வார். இன்னொருவர் அதே நாற்காலியில் உட்காருவார். ஒலிபரப்பில் செய்தி போய்க்கொண்டிருக்கும். கலையகத்துக்குள் நாங்கள் அவசர அவசரமாகப் பேசிக்கொண்டிருப்போம்.

"அக்கா, ரெண்டாவது மைக் கொஞ்சம் கரகரங்குது. பத்தரை மணி விளம்பரத்தை மாத்திட்டாங்க, தாள்ல குறிச்சு வச்சிருக்கேன். ஈப்போவுல இருந்து ஒரு ஐயா மூணு தடவை கூப்பிட்டாரு, பேச நேரமில்லாம போச்சு. உங்க நேரத்துல மறுபடியும் வருவாரு."

இவ்வளவுதான் பேச்சு. ஆனால், இது கிடைத்த நாளில், ஈப்போக்காரர் தொலைபேசியில் வந்ததும், "ஐயா, காலையிலேயே மூணு தடவை கூப்பிட்டீங்களாமே!" என்று வரவேற்க முடிகிறது. நம்மை நினைவில் வைத்திருக்கிறார்களே என்று அவர் குரல் மலர்வதை எல்லா நேயர்களும் கேட்கிறார்கள். கிடைக்காத நாளில், மைக் கரகரக்கிறது என்பதை நேரலையில்தான் தெரிந்துகொள்வோம், நேயர்களோடு சேர்ந்து.

ஊடகத் துறையில் பட்டம் படித்தபோது உச்சரிப்பு, நேர்காணல், ஒலித்தொகுப்பு எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். நாற்காலியைக் கைமாற்றுவதைப் பற்றி ஒரு வகுப்புகூட இல்லை. வேலைக்கு வந்த பிறகு குழு உணர்வை வளர்க்கிறோம் என்று போர்ட்டிக்சன் கடற்கரைக்கு அழைத்துப் போனார்கள். கயிறு இழுத்தோம், பலூன் உடைத்தோம், ஒரே நிறத்தில் சட்டை போட்டுப் படம் எடுத்துக்கொண்டோம். நன்றாகத்தான் இருந்தது. திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பியபோது, வெள்ளிக்கிழமை வரை ஒருவரோடு ஒருவர் பேசாதிருந்த இருவர் இன்னமும் பேசாமல்தான் இருந்தார்கள்.

உடன் வேலை செய்பவர்களோடு நமக்குள்ள உறவு விருந்திலோ கடற்கரையிலோ உருவாவதில்லை என்பது என் எண்ணம். வேலை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகும் இடத்தில்தான் அது வளர்கிறது, அல்லது அங்கேதான் கெடுகிறது.

இதை உணர்ந்து ஒழுங்குபடுத்தியவர்கள் மருத்துவர்கள். பணி முடிந்து போகும் மருத்துவர், வரும் மருத்துவரிடம் நோயாளிகளை ஒப்படைக்கும்போது ஒரு சிறு தகவல் விட்டுப்போனாலும் உயிருக்கு ஆபத்து. அதற்காக 'ஐ-பாஸ்' என்று ஒரு முறையை உருவாக்கி, அமெரிக்காவிலும் கனடாவிலும் 9 மருத்துவமனைகளில் சோதித்துப் பார்த்தார்கள். 2014-இல் அதன் முடிவு வெளியானது. மருத்துவப் பிழைகள் 23 விழுக்காடு குறைந்தன. தடுத்திருக்கக்கூடிய பாதிப்புகள் 30 விழுக்காடு குறைந்தன. ஒப்படைப்புக்கு ஆகும் நேரமோ கூடவில்லை.

எந்த நோயாளி மோசமாக இருக்கிறார், அவருக்கு என்ன நடந்தது, இனி செய்யவேண்டியது என்ன, திடீரென்று நிலைமை மாறினால் என்ன செய்வது என்று வரிசையாகச் சொல்லவேண்டும். இவற்றையெல்லாம்விட எனக்குப் பிடித்தது கடைசிப் படி. பொறுப்பை ஏற்றுக்கொள்பவர், தான் கேட்டதைத் தன் சொற்களில் திருப்பிச் சொல்லவேண்டும். நம் அலுவலகங்களில் இது ஒன்று மட்டும் வந்தால் போதும், பாதிச் சண்டை இருக்காது. "நான் அப்பவே சொன்னேனே", "இல்ல, நீங்க சொல்லவே இல்ல" என்று எத்தனை கூட்டங்களில் கேட்டிருப்பீர்கள்! பெரும்பாலும் இரண்டு பேருமே உண்மைதான் சொல்கிறார்கள். ஒருவர் சொன்னார். மற்றவருக்குப் போய்ச் சேரவில்லை.

பூட்டி வைத்த எண்கள்

நான் முன்பு வேலை செய்த ஓரிடத்தில் விருந்தினர்களின் தொலைபேசி எண்கள் ஒவ்வொருவரின் சொந்தக் கைப்பேசியில் மட்டுமே இருந்தன. மருத்துவர், வழக்கறிஞர், பழைய நாடகக் கலைஞர், வாரம் தவறாமல் வரும் சோதிடர் என்று எல்லாமே அப்படித்தான். கேட்டால், "நானே கூப்பிட்டுச் சொல்றேன்மா" என்பார்கள். எண் மட்டும் வராது. ஒரு மூத்த அறிவிப்பாளர் வேலையை விட்டுப் போனார். அடுத்த செவ்வாய்க்கிழமை அவருடைய மருத்துவ நிகழ்ச்சிக்கு மருத்துவர் இல்லை. தயாரிப்பாளர் மூன்று நாள் அலைந்து வேறொருவரைப் பிடித்தார்.

அந்த அறிவிப்பாளரைக் குறை சொல்லத் தோன்றவில்லை. இந்த நாட்டில் தமிழ் ஒலிபரப்பில் இருக்கும் வேலைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். 'என்னிடம் மட்டும் இருந்தால்தான் என்னை வைத்திருப்பார்கள்' என்ற பயம் அதிலிருந்து வருகிறது. வானொலிதான் என்றில்லை. கணக்கியல் அலுவலகத்தில் ஒரே ஒருவருக்குத் தெரிந்த எக்செல் கோப்பு, தொழிற்சாலையில் ஒரே ஒருவருக்குச் சொன்னபடி கேட்கும் இயந்திரம் என்று எல்லாத் துறையிலும் இந்தப் பூட்டு இருக்கிறது. அதனால் வேலை பத்திரமாகிறதா என்பது சந்தேகம்தான். அவரால் நிம்மதியாக விடுப்பு எடுக்க முடிவதில்லை என்பது மட்டும் நிச்சயம். கேமரன் மலைக்குப் போனாலும் அவருடைய தொலைபேசி அடித்துக்கொண்டே இருக்கும்.

இதற்கு நேர்மாறாக நடந்துகொண்ட ஒருவரும் இருந்தார். பணி ஓய்வு பெறுவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பழைய நோட்டுப்புத்தகத்தை என் கையில் கொடுத்தார். பெயர், எண், பக்கத்தில் சிறு எழுத்தில் ஒரு குறிப்பு. 'மாலை ஆறுக்குமேல் கூப்பிடக்கூடாது, பேத்தி தூங்கும்.' 'நல்லாப் பேசுவார், ஆனா கேள்வியை முதல்நாளே அனுப்பணும்.' 'முன்னாடி நம்மேல கோபம், இப்ப இல்லை.' நாற்பது பக்கம் இருக்கும். எந்தப் பாடநூலும் எனக்கு அவ்வளவு சொல்லிக்கொடுத்ததில்லை. அதைக் கொடுத்ததால் அவர் இழந்தது எதுவும் எனக்குத் தெரியவில்லை. இன்றும் நான் யாரை அழைத்தாலும், "அண்ணன் சௌக்கியமா?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள்.

மருத்துவமனையைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லவேண்டும். ஹார்வர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன், 1990களில், மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை மருத்துவமனைக் குழுக்களில் ஆராய்ந்தார். நன்றாக இணைந்து வேலை செய்யும் குழுவில் தவறு குறைவாக இருக்கும் என்பது அவருடைய எதிர்பார்ப்பு. கணக்கு தலைகீழாக வந்தது. நல்ல குழுக்களில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன! தோண்டிப் பார்த்தபோது காரணம் புரிந்தது. அங்கே தவறை வெளியே சொல்வதற்குப் பயம் இல்லை. மற்ற குழுக்களில் மூடி மறைத்தார்கள்.

உங்கள் அலுவலகத்தில் "எனக்கு இது தெரியல, சொல்லிக்கொடுங்க" என்று ஒரு புதியவர் கேட்டால் என்ன நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள். யாராவது நாற்காலியைத் திருப்பிக்கொண்டு அவர் பக்கம் வருகிறாரா? அல்லது "டிகிரி படிச்சுட்டு வந்திருக்க, இதுகூடத் தெரியாதா?" என்று சிரிப்பா? அந்தச் சிரிப்பைக் கேட்ட பிள்ளை அடுத்த முறை கேட்காது. தெரிந்ததுபோல் தலையாட்டும்.

இதையெல்லாம் சொன்னால் சிலர், "அப்ப ஆபீஸ்ல எல்லாரோடயும் சிநேகமா இருக்கணுமா?" என்று கேட்பார்கள். வேண்டியதில்லை. காலை நிகழ்ச்சியை ஒருவரோடு சேர்ந்து இரண்டு ஆண்டுகள் நடத்தியிருக்கிறேன். நாங்கள் வெளியே ஒருநாள்கூட ஒன்றாகத் தே தாரிக் குடித்ததில்லை. அவருக்குக் காற்பந்து, எனக்கு அது ஒரு சொல்லும் புரியாது. அரசியலிலும் இருவருக்கும் ஒத்துப்போகாது. ஆனால் மைக் திறந்துவிட்டால், நான் ஒரு நகைச்சுவையைக் கட்டிக்கொண்டு வரும்போது நடுவில் புகுந்து அதைக் கெடுக்கமாட்டார். தான் பேசவேண்டும் என்றால் ஒரு விரலை மேசைமேல் உயர்த்துவார். எனக்கு இருமல் வந்தால் என் முகத்தைப் பார்த்தே வாக்கியத்தைத் தான் எடுத்துக்கொள்வார். காலை ஆறு மணி நிகழ்ச்சிக்கு ஐந்து இருபதுக்கு வந்துவிடுவார், இரண்டு ஆண்டும். "நீங்க ரெண்டு பேரும் நிஜமாவே நல்ல நண்பர்களா?" என்று நேயர்கள் கேட்பார்கள். நட்பு என்று சொன்னால் பொய்யாகிவிடும். அவர் இருக்கும் கலையகத்துக்குள் நான் ஒருநாளும் பயந்துகொண்டு போனதில்லை, அவ்வளவுதான்.

பெருநாள் கணக்கு

மலேசியாவில் சக ஊழியர்களின் உறவு எப்படி இருக்கிறது என்று தெரியவேண்டுமா? வேலை அட்டவணையைப் பெருநாள் காலத்தில் பாருங்கள்.

1955ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டம் தீபகற்ப மலேசியாவில் ஆண்டுக்கு 11 பொது விடுமுறை நாள்களைச் சம்பளத்தோடு தருகிறது. அவற்றில் 5 கட்டாயம்: தேசிய தினம், மாமன்னர் பிறந்தநாள், மாநில ஆட்சியாளர் பிறந்தநாள் அல்லது கூட்டரசுப் பிரதேச தினம், தொழிலாளர் தினம், மலேசிய தினம். தீபாவளி இந்த ஐந்தில் இல்லை. நோன்புப் பெருநாளும் சீனப் புத்தாண்டும்கூட இல்லை. மீதி 6 நாளை, அரசிதழில் உள்ளவற்றிலிருந்து முதலாளி தேர்ந்தெடுக்கலாம். வழக்கமாகப் பெருநாள்கள் அதில் வந்துவிடும், கவலைப்பட வேண்டாம். விடுமுறையில் வேலை செய்தால் மாதம் 4,000 ரிங்கிட் வரை சம்பளம் வாங்குவோருக்குக் கூடுதல் ஊதியமும் சட்டத்தில் உண்டு.

ஆனால் சட்டம் நமக்கு நாளைத்தான் தரும். தீபாவளியன்று நம் நாற்காலியில் உட்கார ஓர் ஆளைத் தராது. தாதியர், விமான நிலைய ஊழியர், ஹோட்டல் பணியாளர், பேரங்காடியில் வேலை செய்பவர் எல்லாருக்கும் இந்தக் கதை தெரியும். தமிழ் வானொலியில் இது இன்னும் சிக்கல். எல்லாரும் வீட்டில் எண்ணெய் தேய்த்துக் குளிக்க ஆசைப்படும் காலையில்தான் நேயர்கள் எங்களை அதிகம் தேடுவார்கள். வாழ்த்துகளைப் பதிவு செய்து வைக்கலாம். ஆனால் நேரலைக்கு யாராவது வந்துதான் ஆகவேண்டும்.

எங்கள் நிலையத்தில் கிறிஸ்துவத் தோழி ஒருவர் தீபாவளிக் காலையை எடுத்துக்கொள்வார். டிசம்பர் 24 இரவு நான் உட்காருவேன், அவர் நள்ளிரவுப் பூசைக்குப் போவார். தமிழ் முஸ்லிம் நண்பருக்கு நோன்பு மாதத்தில் நோன்பு திறக்கும் நேரத்தில் வேலை விழாதபடி நாங்கள் மாலை வேலைகளை மாற்றிக்கொள்வோம். தைப்பூசத்தன்று பத்துமலைக்குப் போகவேண்டியவர்கள் இருப்பார்கள். அன்று அவர் வருவார். தொழில்நுட்பப் பிரிவிலும் இப்படித்தான். நாங்கள் 'பாங்' என்று அழைக்கும் மலாய் அண்ணன் தீபாவளிக்கு வருவார். சீனப் புத்தாண்டுக்கு முதல்நாள் இரவு, குடும்பம் கூடிச் சாப்பிடும் அந்த வேளைக்காகச் சீன நண்பரை ஐந்து மணிக்கே அனுப்பிவிடுவார்.

இதை யாரும் சுற்றறிக்கை போட்டுத் தொடங்கவில்லை. எனக்கு முன்னால் இருந்தவர்கள் செய்தார்கள், நாங்களும் செய்கிறோம். ஒன்று மட்டும் கவனித்திருக்கிறேன். அக்டோபரில் வந்து முதல்முறையாக உதவி கேட்பவருக்கு இது கிடைப்பதில்லை. மார்ச்சில் யாருடைய குழந்தைக்கோ காய்ச்சல் வந்தபோது இரண்டு மணி நேரம் முன்னதாக வந்து உட்கார்ந்தவருக்குக் கேட்காமலே கிடைக்கிறது. தமிழில் இதற்கு நல்ல சொல் இருக்கிறது: கைமாற்று. வட்டியில்லாமல், பத்திரமில்லாமல் வாங்கிக் கொடுத்துக்கொள்வது. பக்கத்து வீட்டில் ஒரு கிண்ணம் சீனி வாங்கும் அதே கணக்குதான்.

மேசையில் எந்த மொழி?

சொல்லத் தயங்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மொழி. என் சித்தி மகன் பினாங்கு, பாயான் லெப்பாசில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பொறியாளர். அவனுடைய குழுவில் பெரும்பாலோர் சீனர்கள். கூட்டங்கள் ஆங்கிலத்தில் நடக்கும், பகல் உணவு மேசையில் மாண்டரின். அந்த மேசையில்தான் பாதி முடிவுகள் எடுக்கப்படும். யாரும் அவனை ஒதுக்கவேண்டும் என்று நினைக்கவில்லை. பசியோடு உட்கார்ந்ததும் வீட்டு மொழி வந்துவிடுகிறது, அவ்வளவுதான். ஆனால் ஆண்டு மதிப்பீட்டில், 'குழுவோடு கலந்து பழகுவதில்லை' என்று எழுதிவிட்டார்கள். அவன் எதிர்பார்த்திருந்த பதவி உயர்வு வேறொருவருக்குப் போயிற்று. "நான் தினமும் அதே மேசையிலதான் உட்கார்றேன் அக்கா. என்ன பேசுறாங்கன்னு தெரியாம சிரிச்சுக்கிட்டே சாப்பிடுறேன்" என்றான். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

அவன் கோபித்துக்கொண்டு தனியாகச் சாப்பிடப் போயிருக்கலாம். பலர் அதைத்தான் செய்கிறார்கள். அவனோ, குழுவிலேயே அதிகம் பேசாத ஒரு மூத்த சீனப் பெண்மணியிடம் போய், தன் அறிக்கையை அனுப்புவதற்கு முன் ஒருமுறை பார்த்துத் தர முடியுமா என்று கேட்டான். அவர் பார்த்துத் தந்தார். அடுத்த வாரமும் கேட்டான்.

பெஞ்சமின் ஃபிராங்க்ளின் தன் சுயசரிதையில் இதுபோல ஒன்றை எழுதியிருக்கிறார். பென்சில்வேனியா சட்டமன்றத்தில் தன்னை எதிர்த்த ஒருவரிடம் உதவி செய்யப் போகாமல், உதவி கேட்டுப் போனார். அவரிடம் இருந்த அரிய நூல் ஒன்றை இரவல் வாங்கி, ஒரு வாரத்தில் நன்றியோடு திருப்பிக் கொடுத்தார். அதுவரை பேசாதவர் அதன்பின் தாமாகவே வந்து பேசினாராம். அந்த நட்பு அவர் இறக்கும்வரை நீடித்தது. நமக்கு உதவி செய்துவிட்டவருக்கு நம்மேல் ஒரு பிடிப்பு வந்துவிடுகிறது போலும்.

பாயான் லெப்பாசிலும் ஏறக்குறைய அதுதான் நடந்தது. ஒருநாள் மேசையில் பேச்சு வழக்கம்போல் மாண்டரினில் போய்க்கொண்டிருந்தபோது அந்தப் பெண்மணி இவனைப் பார்த்து மலாயில் ஒரு கேள்வி கேட்டார். மேசை முழுவதும் மலாய்க்கு மாறியது. பிறகு மாண்டரினுக்குத் திரும்பியது, மறுபடியும் மாறியது. இப்போதும் அப்படித்தான் போய் வந்துகொண்டிருக்கிறது. சாப்பாட்டு மேசையில் எடுத்த முடிவை ஆங்கிலத்தில் புலனக் குழுவில் ஒருவர் போட்டுவிடவேண்டும் என்று குழுத்தலைவரிடம் அவன் கேட்டான், அவரும் ஒத்துக்கொண்டார். பதவி உயர்வு இன்னும் வரவில்லை. அதையும் சொல்லியாக வேண்டும்.

இதைப் படித்துத் தலையாட்டும் நம்மவர்களிடம் ஒரு கேள்வி. நான்கு தமிழர்கள் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும் மேசைக்கு ஒரு மலாய்த் தோழி சாப்பாட்டுத் தட்டோடு வந்து உட்கார்ந்தால், நாம் எத்தனை நொடியில் மொழியை மாற்றுகிறோம்?

கொடுத்துக்கொண்டே இருப்பவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. எந்த அலுவலகத்திலும் ஒருவர் இருப்பார், பெரும்பாலும் அது ஒரு பெண். பிறந்தநாள் கேக் வாங்குவது, கூட்டக் குறிப்பு எழுதுவது, வராதவர் வேலையைச் செய்வது எல்லாம் அவர் தலையில்தான். 'அவ ஒண்ணும் சொல்லமாட்டா' என்று பெயரும் வாங்கியிருப்பார். விட்டுக்கொடுத்துப் போ என்று வீட்டில் சொல்லி வளர்த்த பிள்ளை, பாவம். இதை நான் இணக்கம் என்று சொல்லமாட்டேன். கைமாற்று என்றால் திரும்பி வரவேண்டும். எங்கள் தயாரிப்பாளர் ஒருவர் இதைச் சண்டை போடாமல் செய்வார். "சரி, இந்தச் சனிக்கிழமை நான் பார்த்துக்கிறேன். அடுத்த மாசம் 14 உங்களது, இப்பவே எழுதிடலாமா?" என்று பேனாவை நீட்டுவார். நினைவில் வைத்துக்கொள்வதாகச் சொல்பவரை அவர் நம்புவதில்லை. தாளில்தான் எழுதவேண்டும். கூட்டக் குறிப்பும் இப்போது அகர வரிசைப்படி ஒவ்வொருவரிடமும் போகிறது, மேலாளர் உட்பட.

ஆண்டிறுதி அட்டவணை பேன்ட்ரி கதவில் ஒட்டியாகிவிட்டது. தீபாவளிக் காலைக்குத் தோழியின் பெயர், டிசம்பர் 24 இரவுக்கு என் பெயர். தொழில்நுட்பப் பிரிவில் தீபாவளிக்குப் பாங் கையெழுத்துப் போட்டுவிட்டு, பக்கத்தில் மலாயில் ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார்: சென்ற ஆண்டு முறுக்கு இரண்டு டப்பாதான் வந்தது, வீட்டில் பிள்ளைகள் மூன்று பேர். அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அரிசிமாவு அரைக்கக் கொடுத்திருக்கிறார்.